மலையைப் பார்த்து நின்ற வண்டி

நைனா,

வண்டியில் முன்சீட்டுக்கு எதிரே இருக்கிற சின்ன அறையில், இன்ஷூரன்ஸ் தாள்களுக்கு மேல் இதை வைக்கிறேன். கையில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் நின்றபடியே முதல் வரியைப் படித்துவிட்டு, "இன்னாமா இதெல்லாம்" என்று மடித்துப் பையில் போட்டுக்கொள்வாய். நான் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். இரண்டு வருடமாக நமக்குள் அப்படித்தான் நடக்கிறது. உன் கல்யாணம் முடிந்து நான்கு நாள். வாசலில் கட்டிய வாழைமரம் இன்னும் வாடி முடியவில்லை. நாளைக் காலையில் நீயும் லாவண்யாவும் உன் புது வேலைக்காக ஓசூருக்குக் கிளம்புகிறீர்கள். இந்த வண்டி இனி உங்களுடையது. அதன் ஆயிலைப் பற்றிச் சில விஷயங்கள் எழுத வேண்டும். எல்லாம் உனக்குத் தெரிந்தவைதான். எனக்கும் இப்போது தெரியும் என்பது உனக்குத் தெரிய வேண்டும்.

நேற்று மத்தியானம் சாப்பிடும்போது லாவண்யா விளையாட்டாகத்தான் கேட்டாள். "அத்தை, இவரு எதைக் கேட்டாலும் 'ஆங், பாத்துட்டேன்'னு சொல்றாரு. நம்பலாமா?" நீ சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தாய். "அம்மாவ போய் கேக்கற பாரு. அவங்களே நம்ப மாட்டாங்க." எல்லோரும் சிரித்தோம். உன் அப்பா எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். நீ அதைக் கசப்பில்லாமல் சொன்னாய். கசப்போடு சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். புதிதாக வந்த ஒரு பெண் கேட்ட கேள்விக்கு இந்த வீட்டில் பதில் சொல்ல வேண்டியவள் நான். ரசத்தை நகர்த்தி வைத்தேன். அவ்வளவுதான் செய்தேன். இந்தக் கடிதம் அந்தப் பதில். லாவண்யாவும் படிக்கட்டும்.

ஓடுகிற என்ஜின் ஆயில் குடிக்கும். இதை நான் வெகுகாலம் நம்பவில்லை. பெட்ரோல் குறையும், அது எரிகிறது. ஆயில் ஏன் குறைய வேண்டும்? ஒழுகினால் குறையும், யாராவது கவனிக்காமல் விட்டால் குறையும் என்றுதான் நினைத்திருந்தேன். உள்ளே பிஸ்டன் மேலும் கீழும் போகிற சிலிண்டரின் சுவரில் ஒரு மெல்லிய படலமாக ஆயில் இருக்கிறது. அது இல்லாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசும். அந்தப் படலத்தில் துளித்துளியாகக் கொஞ்சம் ஒவ்வொரு முறையும் எரிந்து போகிறது. வேலை செய்வதால் போகிறது. பழுதால் அல்ல. மேடு ஏறினால் கூடுதலாகப் போகும். வேகமாக ஓட்டினால் கூடுதலாகப் போகும். வயதானால் கூடும். வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இது எழுதியிருக்கிறது: ஆயிரம் கிலோமீட்டருக்கு இவ்வளவு வரை குறைவது இயல்பு என்று. ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவு சொல்கிறது. நம் வண்டி இந்தப் பத்தாவது வருடத்தில் ஆயிரத்துக்குக் கால் லிட்டர் குடிக்கிறது. புத்தகம் அனுமதிப்பதைவிடக் குறைவு. அந்தப் பக்கத்தை நான் எட்டு வருடம் கழித்துத்தான் திறந்தேன். முருகன் மலைக்கோயிலில் பூஜை போட்ட அன்று பட்ட குங்குமம் அட்டையில் அப்படியே இருந்தது.

எனக்கு ஆயில் என்றால் ஏன் அவ்வளவு பயம் என்பது உனக்குப் பாதி ஞாபகம் இருக்கும். நீ நான்காவது படித்துக்கொண்டிருந்தாய். அப்பாவின் மின்சாமான் கடைக்கு ஒரு பழைய வேன் இருந்தது. சோளிங்கரில் என் தம்பி கல்யாணம். கிளம்பும்போது கேட்டேன், "ஆயில் பாத்தீங்களா?" "ஆங், பாத்தாச்சு." பாதி வழியில் முன்னால் சிவப்பு விளக்கு எரிந்தது. எண்ணெய்ச் சொம்பு மாதிரி ஒரு படம். "இன்னாங்க அது?" என்றேன். "அது சும்மா எரியும்மே. முகூர்த்தம் போயிடும். வந்து பாத்துக்கலாம்." அதற்குப் பிறகு இரண்டு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. உள்ளே ஏதோ கடகடத்தது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. என்ஜின் இறுகிப்போனது. கரும்பு ஏற்றிப்போன டிராக்டரில் உட்கார்ந்துதான் நாம் கல்யாணத்துக்குப் போனோம். பட்டுப்புடவையில் கரும்புச் சோகை. "மாப்ள அக்கா சீரோட வந்துட்டாங்க, கரும்புச் சீரு" என்று பெண் வீட்டில் ஒருத்தி சொல்ல, மண்டபமே சிரித்தது. சாயங்காலம்தான் உன் அப்பா ஒத்துக்கொண்டார். பார்க்கவில்லை. பானட்டையே திறக்கவில்லை. அதன்பின் அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. யாரும் அவரைத் தடுக்கவில்லை. அவராகவே விட்டார். அந்த நேர்மைக்கு நான் அவருக்குச் சரியாக நன்றி சொன்னதில்லை. ஆனால் அந்த "ஆங்" என் காதில் தங்கிவிட்டது.

பிறகு நான் வண்டி ஓட்டக் கற்றேன். எனக்கு டீச்சர் வேலை திருவாலங்காட்டுப் பள்ளிக்கு மாற்றலானபோது இந்த வண்டியை எடுத்தோம். மலைமேல் பூஜை. சக்கரத்துக்கு எலுமிச்சை. இறங்கி வந்து வாசலில் நிறுத்தும்போது மலையைப் பார்த்து நிறுத்தினேன். நம் தெரு மலையை நோக்கி ஏறுகிற தெரு. அன்றிலிருந்து அது என் வழக்கமாயிற்று. வண்டியின் முதுகை மலைக்குக் காட்டக் கூடாது. யாரும் சொல்லித்தரவில்லை. நானே ஏற்படுத்திக்கொண்டேன். நீ ஓட்டத் தொடங்கியபின் வண்டியைத் திருப்பி, காலையில் சட்டென்று எடுக்கிற மாதிரி கீழே பார்த்து நிறுத்துவாய். நான் சாவியை வாங்கிப் போய் மறுபடி திருப்புவேன். "முருகரு இன்னா கோச்சிக்கவா போறாரு?" என்பாய்.

கல்லூரி முடிந்து வேலைக்குக் காத்திருந்த வருடம் நீ வீட்டில் இருந்தாய். காலையில் என்னைப் பள்ளியில் விட்டு, மாலையில் அழைத்து வந்தாய். இடையில் சொந்தக்காரர்கள் யாராவது திருப்பதிக்குப் போக வேண்டுமென்றால் நீதான். அந்த வருடத்தில்தான் ஞாயிற்றுக்கிழமை தோறும் நான் ஆயில் பார்க்க ஆரம்பித்தேன். பானட்டைத் திறந்து, கேஜ் என்று மெக்கானிக்குகள் சொல்லும் அந்தக் குச்சியை உருவி, துணியால் துடைத்து, மறுபடி விட்டு எடுப்பேன். இரண்டு கோடு. மேலே நிறைவு, கீழே குறைவு. ஆயில் கீழ்க் கோட்டையும் தொடாமல் நிற்கும். நீ முந்தின நாள்தான் சொல்லியிருப்பாய், "ஆங், பாத்துட்டேன்மா, கரெக்டா கீது." அதே ஆங். அதே இழுப்பு. எனக்குக் கரும்பு டிராக்டர் ஞாபகம் வரும். ஆயில் டப்பாவைத் திறந்து மேல் கோடு வரை ஊற்றுவேன்.

நீ கவனித்தாய். ஒருநாள் சொன்னாய். "அம்மா, ஆயிலு ஜாஸ்தியா கீதும்மா. நீ ஊத்தாத." "நான் இப்பதான் பாத்தேன். கம்மியாதான் இருக்குது." "இங்க பாக்காதமா. சமமான எடத்துல பாக்கணும். வா, பெட்ரோல் பங்க் ஆண்ட போலாம், பத்து நிமிஷம்." "ஒரு குச்சியப் பாக்கறதுக்கு பங்க் வரைக்கும் போவணுமா? இத்தினி வருஷமா இங்கதான் நிக்குது வண்டி." நீ சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாய். நான் உள்ளே போய்விட்டேன். இந்தக் கடிதத்தில் வேறு எதை நீ மறந்தாலும் பரவாயில்லை, இதை நான் மறக்கவில்லை என்று தெரிந்துகொள். நீ பத்து நிமிடம் கேட்டாய். நான் வரவில்லை.

ஆடிக்கிருத்திகை வந்தது. தெரு முழுக்கக் காவடி. மஞ்சள் துணி, அரோகரா. நீ வண்டியை ஓரமாக்க ஸ்டார்ட் செய்தாய். பின்னால் நீலமாகப் புகை கிளம்பியது. கொஞ்சநஞ்சம் இல்லை. காவடிக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒருவர் சொன்னார், "இன்னாமா டீச்சரு, கொசு மருந்து அடிக்கிற வண்டியா?" இன்னொருவர், "சாமிக்கு சாம்பிராணி போடறாங்கபா." சிரிப்பு. அந்தச் சிரிப்பு எனக்குச் சோளிங்கர் மண்டபத்துச் சிரிப்பாகக் கேட்டது. நீ இறங்கி வந்தாய். "ஆயில் அதிகமாயிடுச்சுமா, நான் சொன்னேன்ல" என்று ஆரம்பித்தாய். நான் முடிக்க விடவில்லை. அத்தனை பேர் நடுவில் சொன்னேன்: "நீயும் உங்கப்பன் மாதிரி பொய் சொல்றியா? பாக்காமயே பாத்துட்டேன், பாத்துட்டேன்னு சொல்லி என்ஜின அழிச்சிட்டியே." அப்பா வாசலில்தான் நின்றிருந்தார். நீ என்னைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாய். அவருக்காகத்தான் உன் முகம் சுருங்கியது. அதை அன்றே நான் பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

அடுத்த வாரம் ஒரகடத்தில் வேலை கிடைத்தது. காலை ரயிலில் ஒரு பையோடு போனாய். சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை. காலில் விழுந்து திருநீறு வாங்கிக்கொண்டுதான் போனாய். போனில் பேசுவோம். சாப்பிட்டாயா. சாப்பிட்டேன். மழையா. இல்லை. வண்டியைப் பற்றி நீ கேட்கவில்லை. வாரம் ஒருமுறை அதைப் பற்றியே பேசுகிறவன். அந்தக் கேள்வி இல்லாமல் போனது எனக்கு வீட்டில் ஒரு சாமான் குறைந்த மாதிரி இருந்தது.

புகைக்குப் பயந்து நான்கு மாதம் எடுக்காமலே வைத்திருந்த வண்டியைக் கே.ஜி.கண்டிகை மெக்கானிக் சலீம் பாயிடம் விட்டேன். அவர் அடியில் படுத்து ஆயிலைத் திறந்துவிட்டார். பாத்திரம் நிறைந்தது. இன்னொரு பாத்திரம் கேட்டார். எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, "யாருமா ஊத்தனது? ஒரு லிட்டருக்கு மேல ஜாஸ்தி கீது. கடஞ்சி நொரயாயி, பொகயா தள்ளிகினு வருது" என்றார். நான்தான் என்றேன். "எங்க வச்சிப் பாத்தீங்க?" வீட்டு வாசலில். "வண்டி எந்தப் பக்கம் பாத்துகினு இருந்துச்சி?" மலையைப் பார்த்து என்றேன். அவர் சிரிக்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. "மூக்கத் தூக்கிகினு நின்னா ஆயிலு பின்னால போயிடுமே டீச்சர். இந்த வண்டில கேஜ் முன்னால கீது. கம்மியாதான் காட்டும். நீங்க பசங்களுக்கு இன்னா பாடம் எடுக்கறீங்க?" அறிவியல் என்றேன். சாய்த்து வைத்த பாத்திரத்திலும் தண்ணீரின் மேற்பரப்பு கிடைமட்டமாகவே நிற்கும் என்று வருடந்தோறும் பலகையில் படம் வரைகிறவள். "வண்டி நல்லா கீது. கொஞ்சம் ஆயிலு குடிக்குது, அது எல்லா வண்டியும் குடிக்கறதுதான். பையன் நல்லா ஓட்டியிருக்கான்" என்றார். நீ சொன்ன அதே சமமான இடம். நீ சொன்னபோது எனக்குச் சாக்காகக் கேட்டது. பாய் சொன்னபோது விளங்கியது. மேட்டில் நின்றது வண்டி மட்டும் இல்லை. இதற்குமேல் இதை வாழ்க்கைக்கு இழுக்க மாட்டேன். உனக்கு அது பிடிக்காது.

அந்தச் சனிக்கிழமையே ஒரகடத்துக்கு ஓட்டி வந்தேன். தனியாக அவ்வளவு தூரம் அதுதான் முதல் தடவை. வழியெல்லாம் சொல்ல வேண்டியதைத் தயார் செய்துகொண்டு வந்தேன். நீ கம்பெனிச் சட்டையோடு வந்தாய். என்னைப் பார்த்துச் சிரித்தாய். உடனே குனிந்து வண்டிக்கு அடியில் ஒழுகுகிறதா என்று பார்த்தாய். "ஆயில் பாத்தியாமா?" நான்கு மாதத்துக்குப் பிறகு அந்தக் கேள்வி. தயார் செய்ததை விட்டுவிட்டு, "நீ பாருடா" என்றேன். நீ டீக்கடைக்குப் பக்கத்தில் சிமெண்ட் போட்ட சமதரையைத் தேடி வண்டியை நிறுத்தினாய். என்ஜினை அணைத்துவிட்டு, மேலே போன ஆயில் கீழே இறங்கட்டும் என்று பத்து நிமிடம் காக்க வைத்தாய். டீ குடித்தோம். அதே பத்து நிமிடம். பிறகு குச்சியை உருவிக் கைக்குட்டையில் துடைத்து, விட்டு எடுத்து என் கண்முன் நீட்டினாய். "பாரு. நடுவுல கீது." நான் பாய் சொன்னதைச் சொன்னேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஒரு லிட்டரு ஊத்தி என்ஜின குளிப்பாட்டிக்கீறியேமா." "ஏண்டா, மேடுன்னு நீ விளக்கமா சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். அப்போதும் உன்மேலேயே போட்டேன் பார். நீ சொன்னது ஒரு வார்த்தை. "விடுமா." நான் விட்டேன். விட்டிருக்கக் கூடாது. நீ எனக்காக அதைச் சுலபமாக்கிக் கொடுத்தாய், நான் அந்தச் சுலபத்தை எடுத்துக்கொண்டேன்.

ஆகவே இப்போது எழுதுகிறேன். நீ பொய் சொல்லவில்லை. ஒருநாளும் சொல்லவில்லை. நீ பார்த்தாய், பார்த்ததைச் சொன்னாய். நான் தவறான இடத்தில் நின்று பார்த்தேன். அப்பாவின் பழைய தப்பை எடுத்து உன்மேல் வைத்தேன், அதுவும் அவர் கண்முன்னால். தெருவில் சொன்ன வார்த்தை. அதைத் திரும்ப எடுக்கத் தெருவைக் கூட்ட முடியாது. அதனால் அப்பாவிடம் இன்று காலை முதலில் சொன்னேன். அவர் பேப்பரை இறக்காமல், "அத்த எப்பவோ மறந்துட்டேன்மே" என்றார். மறக்கவில்லை. அதற்குப் பிறகு பேப்பரில் ஒரு பக்கம்கூடப் புரளவில்லை. லாவண்யா, நீ கேட்டதற்குப் பதில்: நம்பலாம். இவன் "ஆங்" என்றால் பார்த்துவிட்டான் என்று அர்த்தம். இது தெரிந்துகொள்ள எனக்கு ஒரு லிட்டர் ஆயிலும் நான்கு மாதமும் ஆயிற்று. உனக்கு அந்தச் செலவு வேண்டாம்.

உங்களுக்குச் சொல்ல என்னிடம் புத்திமதி அதிகம் இல்லை. ஆயிலை இரண்டு பேரும் பாருங்கள், ஒருவர் மட்டும் பார்த்தால் மற்றவருக்குச் சந்தேகம் வரும். சமதரையில் பாருங்கள். ஓடி வந்த சூட்டோடு உடனே பார்க்காதீர்கள், கொஞ்சம் அடங்கட்டும். கறுத்திருந்தால் பயப்படாதீர்கள், வேலை செய்த ஆயில் கறுக்கும். கொஞ்சம் குறைந்திருந்தால் யார்மேல் தப்பு என்று தேடாதீர்கள். கீழ்க் கோட்டை நெருங்கினால் கொஞ்சமாக ஊற்றி, மறுபடி பார்த்து, பிறகு ஊற்றுங்கள். கோட்டுக்கு மேலே போகக் கூடாது, அதிகமும் கெடுக்கும். திடீரென்று வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தாலோ, நின்ற இடத்தில் சொட்டியிருந்தாலோ மெக்கானிக்கிடம் போங்கள். ஓடும்போது அந்தச் சிவப்பு விளக்கு எரிந்தால் எந்த முகூர்த்தமானாலும் ஓரமாக நிறுத்தி என்ஜினை அணையுங்கள். அது உன் அப்பா நமக்கு வாங்கிக் கொடுத்த பாடம். அதற்கும் நன்றி.

உனக்கு நன்றி சொல்ல இன்னும் இருக்கிறது. வேலைக்கு அலைந்த வருடத்தில் ஒருநாளும் என்னைப் பள்ளிக்குத் தாமதமாக விடவில்லை. அன்று தெருவில் திருப்பிக் கத்தவில்லை. "நான்தான் அப்பவே சொன்னேன்ல" என்று அன்றைக்குப் பிறகு இந்த இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நானாக இருந்தால் மாதம் ஒருமுறை சொல்லியிருப்பேன். ஜூனிலிருந்து எனக்கு உள்ளூர்ப் பள்ளி, நடந்தே போய்விடலாம். வண்டி இல்லாமல் எப்படி என்று கவலைப்படாதே.

இன்று சாயங்காலம் நீங்கள் இருவரும் மலைக்குப் போயிருந்தபோது வண்டியை பங்க் வரை எடுத்துப் போனேன். சமதரை. பத்து நிமிடம் காத்திருந்தேன். குச்சியைத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் நின்றது. நீண்ட பயணம், நிறைத்து அனுப்பிவிடலாமா என்று கை டப்பாவுக்குப் போனது. பிறகு மூடியைத் திருகி, டப்பாவைப் பின்னால் துணி சுற்றி வைத்துவிட்டேன். போதுமான அளவு இருக்கிறது. மீதியை நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள்.

வீட்டுக்கு வந்து வண்டியைத் திருப்பி நிறுத்தியிருக்கிறேன். முதுகு மலைக்கு, முகம் ரோட்டுக்கு. காலையில் உனக்கு எடுக்கச் சுலபமாக இருக்கும்.

அம்மா